கன்வெர்ட்டருக்குப் பின்னால் பிரியும் இரட்டைக் குழாய் கிட்: பழைய இன்ஜெக்ஷன் வண்டிக்கு வாங்கலாமா?

இரட்டை எக்ஸாஸ்ட் கிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கின்றன. ஒன்று, புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டர் வரை எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் சைலன்சரில் ஒரு குழாயாக நுழைந்து இரண்டாகப் பிரிவது. மற்றது, இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டிலிருந்தே பக்கத்துக்கு ஒரு குழாய், ஒரு கன்வெர்ட்டர், ஒரு சைலன்சர் என்று தனித்தனியாக ஓடுவது. புகைப் பரிசோதனையில் தேற வேண்டிய வண்டி என்றால் முதல் வகையை மட்டும் வாங்குங்கள். இந்த மதிப்புரை அதைப் பற்றியது: 3 அங்குல நுழைவு, 2.5 அங்குல இரட்டை வெளிவாய், ஆக்ஸிலுக்கு மேலே ஏறி இறங்கும் இரண்டு வால்குழாய், வி8 அல்லது வி6 பிக்கப்புக்கானது.

இரண்டாவது வகை ஏன் தோற்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சத்தத்துக்கு ஆசைப்பட்டு அதை வாங்குபவர்கள்தான் அதிகம். பழைய டிபிஐ (த்ராட்டில் பாடியில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டிகள் பலவற்றில் ஆக்சிஜன் சென்சார் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பக்க மேனிஃபோல்டில் இருக்கும், அல்லது இரண்டு பக்கமும் சேரும் ஒய் குழாயில் இருக்கும். மேனிஃபோல்டில் இருந்தால், இசியு (இன்ஜினை நடத்தும் கணினி) அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. மறுபக்கம் கொஞ்சம் ரிச்சாகவோ (பெட்ரோல் கூடி) லீனாகவோ (பெட்ரோல் குறைந்து) ஓடினாலும் ஒரே கன்வெர்ட்டரில் இரண்டும் கலப்பதால் அந்த வித்தியாசம் ஓரளவு சரிக்கட்டப்படும். குழாயைப் பிரித்த பிறகு அந்தக் கலப்பு கிடையாது. சென்சார் இல்லாத பக்கம் ரிச்சாக இருந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அந்தக் கன்வெர்ட்டரைத் தாண்டிவிடும். லீனாக இருந்தால் நைட்ரஜன் ஆக்சைடு தாண்டிவிடும். மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்யும் கன்வெர்ட்டர், கலவை காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்ற எடை விகிதத்தை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தால்தான் மூன்றையும் செய்யும்.

சென்சார் ஒய் குழாயில் இருந்த வண்டியில் நிலைமை இன்னும் மோசம். ஒய் போனதும் சென்சாருக்கு இடமே இல்லை, ஒரு பக்கக் குழாயில் பின்னால் தள்ளி வைப்பார்கள். ஒற்றை வயர் சென்சார் சூடாவதே புகையின் வெப்பத்தில்தான். ஏறக்குறைய 300 டிகிரி வராமல் ஒழுங்கான வோல்டேஜ் தராது. ஐடிலில் நிற்கும்போது குளிர்ந்துபோய் இசியு, சென்சாரைப் பார்க்காமல் ஓட்டும் ஓபன் லூப்புக்குப் போய்விடும். பரிசோதனைக்கு வரிசையில் காத்திருக்கும் நேரம் அதற்குப் போதும். கன்வெர்ட்டருக்கும் இதே கதிதான். பாதிப் புகை, இன்ஜினிலிருந்து கூடுதல் தூரம் என்றால், வேலை தொடங்க வேண்டிய 250 – 300 டிகிரிக்கு வரவே நேரமாகும். தவிர, கன்வெர்ட்டரை இடம் மாற்றுவதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. புகை சுத்தமாக இருந்தாலும் அடியில் குனிந்து பார்ப்பவர் தள்ளிவிடலாம்.

இனி கிட்டைப் பார்ப்போம்.

அளவில் ஏமாற வேண்டாம். 1.6 மில்லிமீட்டர் தகட்டில் செய்த 3 அங்குலக் குழாயின் உள்பரப்பு சுமார் 6.5 சதுர அங்குலம். அதே தகட்டில் 2.25 அங்குலக் குழாய் இரண்டு சேர்ந்தாலே 7-ஐத் தாண்டும், 2.5 அங்குலம் இரண்டு என்றால் 8.8. ஆக, 3 அங்குல நுழைவுக்கு 2.25 இரட்டையே தாராளம். 2.5 இரட்டை வாங்கினால் புகையின் வேகம் குறையும், குழாய் சீக்கிரம் குளிரும், வாலில் தண்ணீர் தேங்கும், ஆக்ஸிலுக்கு மேலே இடமும் நெருக்கும். வெளிவாய் 2.25 உள்ள கிட் அதே வரிசையில் கிடைத்தால் அதையே எடுங்கள். 200 குதிரைத்திறன் தரும் இன்ஜினுக்குப் பழைய ஒற்றை 2.5 அங்குலக் குழாயே போதும் என்பதுதான் கணக்கு. நசுங்கிய வளைவுகளும் அடைத்த சைலன்சரும் போவதால் கிடைக்கும் லாபம் உண்மை. இரண்டு குழாய் என்பதற்காக மட்டும் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. சத்தமும் தோற்றமும் வேண்டும் என்று வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

வளைவுகளை காலிப்பரால் அளந்து பாருங்கள். மாண்ட்ரல் முறையில் (குழாய்க்குள் தாங்கு கட்டை வைத்து) வளைத்திருந்தால் வளைவிலும் விட்டம் மாறாது. உள்பக்கத்தில் சுருக்கம் விழுந்திருந்தால் அது அழுத்தி வளைத்த குழாய், 2.5 என்று எழுதியிருந்தாலும் அந்த இடத்தில் 2-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். தகடு 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும்.

உலோகம் மூன்று வகையில் வருகிறது. அலுமினியம் பூசிய இரும்பு மலிவு, உழைக்கும்; ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோய் முதல் துரு அங்கேதான் பிடிக்கும், அதனால் தையலைத் தேய்த்து அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். 409 ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்பேறும், ஓட்டை விழ வெகுகாலம் ஆகும். 304 பளபளப்பாகவே நிற்கும், ஆனால் சூட்டில் அதிகம் நீளும்: 3 மீட்டர் குழாய் 300 டிகிரி ஏறினால் 15 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், 409 அதில் மூன்றில் இரண்டு பங்குதான். கிட்டின் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. மழையும் சேறும் உள்ள தினசரி ஓட்டத்துக்கு எங்கள் தேர்வு 409.

பெட்டியில் பெரும்பாலும் விடுபடுபவை: ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் தட்டு) கேஸ்கெட், புதிய பக்கத்துக்கான ஹேங்கர் பிராக்கெட், பெட்ரோல் டேங்க் பக்கம் வைக்க வெப்பத் தகடு. கிளாம்பு யு வடிவத்தில் வந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் பட்டைக் கிளாம்பு வாங்குங்கள். யு கிளாம்பு குழாயைக் கடித்து நசுக்கும். அடுத்த முறை கழற்ற வெட்டத்தான் வேண்டும், கசிவும் நிற்காது.

பொருத்தும் வேலையில் முதல் கண்டம் ஃபிளாஞ்ச் ஸ்டட். முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பழைய குழாயை வெட்டும்போது கன்வெர்ட்டரின் வெல்டிங்கிலிருந்து 100 மில்லிமீட்டராவது விட்டு வெட்டவும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் உள்ள வண்டியில் வெட்டு அந்த சென்சாரையும் தாண்டியே இருக்க வேண்டும். குழாய்க்குள் குழாய் 40 – 50 மில்லிமீட்டர் நுழையட்டும்.

எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்ட பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது ஆக்ஸிலுக்கும் மேலே போகும் குழாய்க்கும் நடுவே கை நுழையும் இடைவெளி தெரியும். வண்டியைத் தரையில் இறக்கினால் அந்த இடைவெளி சுருங்கும், பள்ளத்தில் விழுந்தால் ஆக்ஸில் குழாயில் அடிக்கும். சரியான வழி: எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே ஏறுவதை நிறுத்தும்) ரப்பருக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். குழாய்க்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் அதைவிட 25 மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர், பெட்ரோல் குழாய் இவற்றுக்கு 50 மில்லிமீட்டர் குறைந்தபட்சம். முடியாத இடத்தில் தகடு வையுங்கள். முன்முனை கன்வெர்ட்டரோடு கட்டுண்டிருப்பதால் குழாய் பின்னோக்கித்தான் நீளும். அதனால் பின் ஹேங்கர் ரப்பரைக் குளிர்ந்த நிலையில் 10 மில்லிமீட்டர் முன்னால் சாய்த்துப் பொருத்தினால் சூடானதும் நேராக நிற்கும். வால்குழாய் பாடியின் விளிம்பைத் தாண்டி முடியட்டும். உள்ளேயே முடிந்தால் புகை கேபினுக்குள் ஏறும்.

வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி நெகட்டிவையும் இசியு கனெக்டரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் குழாயிலேயே மாட்டுங்கள். 304 குழாயை 409 அல்லது சாதா இரும்போடு இணைக்க 309எல் கம்பி. பேட்டரியைக் கழற்றியதற்கு ஒரு விலை உண்டு, கீழே வரும். சைலன்சரின் அடியில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் அது தண்ணீர் வடிவதற்கு; அடைக்காதீர்கள்.

கசிவுச் சோதனை செய்யாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு வால்குழாயை நன்றாக அடைத்து, மறுவாலில் வேக்குவம் கிளீனரின் காற்று வெளியே தள்ளும் பக்கத்தை வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாலை அடைக்க மறந்தால் ஒன்றுமே தெரியாது. சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவுதான் ஆபத்து. புகை துடிப்பு துடிப்பாக வருவதால் நடுவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சென்சார் அதை லீன் என்று படிக்கும், இசியு பெட்ரோலைக் கூட்டும். வண்டி உண்மையில் ரிச்சாக ஓடி, கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். பழைய மேனிஃபோல்டில் உடைந்த போல்ட் இருந்தால் கிட் வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். சிலிகான் பசை தடவுவதானால் சென்சாருக்குக் கேடில்லாதது என்று எழுதியதை மட்டும் பயன்படுத்துங்கள். சாதா சிலிகானின் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

இன்னொரு குழப்பம் இஜிஆர், அதாவது புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு. சில பழைய வண்டிகளில் இஜிஆர் வால்வு புகையின் எதிரழுத்தத்தைக் கொண்டுதான் திறக்கும். சைலன்சர் மிகவும் திறந்துபோனால் அழுத்தம் போதாமல் வால்வு திறக்காது. ஏற்றத்தில் இன்ஜின் தட்டும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். உங்கள் வால்வு அந்த வகை என்றால், புகை தடையின்றி நேராகப் போகும் நேர்த்துளைச் சைலன்சரைத் தவிர்த்து அறை பிரித்த சைலன்சர் உள்ள கிட்டை எடுங்கள்.

நேர்த்துளைச் சைலன்சரின் இன்னொரு குறை, ஒரே வேகத்தில் ஓடும்போது காதில் மொய்க்கும் முழக்கம். வி8 இன்ஜின் 1800 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 120 வெடிப்பு. அந்த அதிர்வைக் கொல்ல, முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைச் சைலன்சருக்குப் பின்னால் பற்றவைக்கலாம். சூடான புகையில் ஒலியின் வேகத்தை 430 மீட்டர் என்று கொண்டால் நீளம் 90 சென்டிமீட்டர் வரும். உங்கள் வண்டி முழங்கும் ஆர்பிஎம்மைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள்: ஒலியின் வேகத்தை நான்கு மடங்கு அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். இந்தக் கிளைக்குழாயைத் தரும் கிட் அரிது, தந்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பரிசோதனைக்குப் போகும் முன்: புதுச் சைலன்சரில் உள்ள எண்ணெயும் பிசினும் எரிந்து தீரும்வரை நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001-லிருந்தும், வண்டியே தன் புகைக் கட்டுப்பாட்டைச் சோதித்துக்கொள்ளும் ஓபிடி-2 முறை இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் இந்த வண்டிகளின் சுயசோதனை முடிவுகள் அழிந்துவிடும். அந்தச் சோதனைகள் மறுபடி முடியாமல் போனால் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். ஸ்கேனரில் இந்தச் சோதனைகள் (மானிட்டர்கள்) தயார் என்று வரும்வரை ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டுங்கள். புதிதாக பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற) கோடு வந்தால் உடனே கன்வெர்ட்டரைக் குறை சொல்லாமல், பின் சென்சாருக்கு அருகே நீங்கள் போட்ட இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்குழாயில் கருவியை நுழைத்து அளக்கும் இடத்தில், இரண்டு வாலிலும் அளக்கச் சொல்லுங்கள். இந்தக் கிட்டில் இரண்டும் ஒரே புகை என்பதால் எண்கள் ஒத்திருக்க வேண்டும். ஒரு வாலில் மட்டும் ஆக்சிஜன் ஏறி கார்பன் டை ஆக்சைடு இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் கிளாம்பு கசிகிறது, அல்லது கருவி போதிய ஆழம் போகவில்லை. நல்ல நிலையிலுள்ள வண்டியில் கார்பன் டை ஆக்சைடு 14 – 15 சதவீதம் இருக்கும், ஆக்சிஜன் 1 சதவீதத்துக்குக் கீழே. அலங்கார முனை வளைந்தோ உள்ளே தடுப்போடோ இருந்தால் கருவி நுழையாது; அதனால் கழற்றக்கூடிய முனையோடு வரும் கிட்டே வசதி.

மொத்தத்தில் 409-இல் செய்த, மாண்ட்ரல் வளைவுள்ள, 2.25 அங்குல இரட்டை வெளிவாய்க் கிட்டுக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். குறைக்கும் ஒன்று, விடுபடும் வெப்பத் தகட்டுக்கும் ஆக்ஸில் இடைவெளியைப் பற்றி வாய் திறக்காத தாளுக்கும். உதிரிச் சக்கரம் அடியில் தொங்கும் வண்டி, பெட்ரோல் டேங்க் சேசிஸின் பக்கவாட்டில் நீண்டு போகும் வண்டி என்றால், இரண்டு வாலையும் ஒரே பக்கம், பின்சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுவரும் கிட் இருக்கிறதா என்று தேடுங்கள். டேங்க்குக்கு அருகே குழாயை நெளித்துக் கொண்டுபோவதைவிட அது பாதுகாப்பு.