விமானத்தில் தண்ணீர் கேட்கும் முறை

இந்த முறை ஊருக்குப் போய்வந்ததில் ஒழுங்காக நடந்தவை நிறைய உண்டு. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, குடியேற்றச் சோதனை விரைவாக முடிந்தது, பெட்டிகள் அடிபடாமல் வந்தன, சென்னையிலிருந்து குடியாத்தம் வரை கார் ஓட்டிய தம்பி தூங்கி வழியாமல் ஓட்டினார். இவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு விரல். துபாயிலிருந்து சென்னைக்கு வந்த அந்த விமானத்தில் ஒரு பயணி, பணிப்பெண்ணின் முழங்கைக்கு மேலே தம் ஆட்காட்டி விரலால் இரண்டு முறை குத்திக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரையும் விடாமல் நான் இந்தக் கதையைச் சொல்லித் தீர்த்ததில், "அண்ணா, மறுபடியும் அந்த விரல் கதையா?" என்று என் தங்கை எழுந்து அடுப்படிக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

இரவு விமானம். நம் வேலூர்ப் பக்கத்து ஆட்கள் நிறைந்த விமானம் எப்படி இருக்கும் என்று வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே அறிமுகமாவதும், தலைக்கு மேலுள்ள அறையில் அடுத்தவர் பையை நகர்த்தித் தம்முடையதைத் திணிப்பதும் வழக்கம்போல் நடந்தேறின. நடுவில் ஒரே நடைபாதை, இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். எனக்கு நடு இருக்கை. ஜன்னலோரம், மகளின் பிரசவத்துக்குத் துணையாக ஷார்ஜா போய்த் திரும்பும் ஓர் ஆயா. நடைபாதைக்கு எதிர்ப்புறம் நம் கதாநாயகர். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். கசங்காத சட்டை, விலை உயர்ந்த கைபேசி.

விமானம் இன்னும் மேலேறிக்கொண்டிருந்தது. சீட் பெல்ட் விளக்கு அணையவில்லை, பணிப்பெண்களே மடக்கு இருக்கைகளில் பட்டை மாட்டி அமர்ந்திருந்தார்கள். அப்போதே அவர் தலைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தினார். 'டிங்' என்று ஓசை எழுந்து விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை, அந்த நேரத்தில் வரவும் கூடாது. பொறுமையிழந்து மறுபடி அழுத்தினார். அந்தப் பொத்தானின் குணம் பலருக்குத் தெரியாது: முதல் அழுத்தலில் அழைப்பு பதிவாகும், இரண்டாவது அழுத்தலில் அதுவே ரத்தாகும். ஆக, அவர் கூப்பிட்டார், பிறகு தாமே வேண்டாம் என்றார், மீண்டும் கூப்பிட்டார், மீண்டும் வேண்டாம் என்றார். "பெல் அடிச்சா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கறாங்க" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் முறையிட்டபோது, தலைக்கு மேலே விளக்கு அணைந்துதான் இருந்தது.

சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் தள்ளுவண்டி முன்வரிசையில் நின்று, முன்பதிவு செய்த உணவுகளைப் பட்டியல் பார்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் இன்னொரு பணிப்பெண், கைக்குழந்தைக்குப் பால் கலக்க யாரோ கேட்ட வெந்நீரை மூடியிட்ட கோப்பையில் எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து எங்கள் வரிசையைக் கடந்தார். அப்போதுதான் அந்த விரல் நீண்டது. கோப்பை ஆடியது, மூடி இருந்த புண்ணியத்தில் யார் தொடையும் வேகவில்லை. அந்தப் பெண் நிற்காமல் போய்க் குழந்தையின் தாயிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார், விரல் நீட்டியவரின் முகத்துக்கு நேராகக் குனிந்தார், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக, "சார், தொடாதீங்க ப்ளீஸ். கூப்பிடுங்க, நான் வரேன்" என்றார். குரல் உயரவேயில்லை.

உயர்ந்தது அவருடைய குரல்தான். "நான் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கேன், ஓசியில வரல. ஒரு தண்ணி கேக்க எத்தனை வாட்டி பெல் அடிக்கறது?" தண்ணீர் உடனே வந்தது. இரண்டு மிடறு குடித்துவிட்டு, மீதியோடு கோப்பையை முன்னிருக்கையின் பைக்குள் செருகிவிட்டார். அவர் விரலை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த மீதித் தண்ணீரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டிக்கெட் வாங்கியவர் எதை வாங்கினார் என்பதில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம். பணிப்பெண்கள் விமானத்தில் இருப்பது முதலில் நம் உயிருக்காக, உணவு பரிமாறுவது அதற்குப் பிறகுதான். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்பது பல நாடுகளிலும் உள்ள குறைந்தபட்சக் கணக்கு. 180 பேர் உட்காரும் விமானத்தில் நான்கு பேர் இருந்தால் விதி நிறைவேறிவிடும். பாதி வாசல்கள் அடைபட்டிருந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு பெரிய விமான வகைக்குச் சான்றே கிடைக்கும். அந்த 90 விநாடியில் கத்தி, தள்ளி, நம்மை இறக்கிவிட வேண்டியவர் இந்தப் பெண்தான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கிப் பறந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடும் குலுக்கலில் சிக்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் சீட் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் மட்டுமின்றி உணவு பரிமாறுவதையும் நிறுத்திவிட்டது. விளக்கு எரியும்போது காபி கேட்டு முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கை நீட்டுவதற்குச் சட்டமும் உண்டு. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2017-ல் வகுத்த விதிகள் பயணிகளின் முறைகேட்டை மூன்று நிலையாகப் பிரித்தன. வாய்ப்பேச்சும் சைகையும் முதல் நிலை, மூன்று மாதம் வரை பறக்கத் தடை. தள்ளுவது, அடிப்பது, தகாதபடி தொடுவது இரண்டாம் நிலை, ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்து விளைவிப்பது மூன்றாம் நிலை, இரண்டு ஆண்டுக்குக் குறையாது. நம் கதாநாயகரின் விரல் எந்த நிலையில் சேரும் என்பதை அந்தப் பெண் கணக்குப் பார்க்கவில்லை என்பதால்தான் அவர் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்ப முடியும்.

இத்தனை அமளியிலும் என் பக்கத்து ஆயா வறண்ட உதட்டை நாக்கால் தடவியபடியே இருந்தார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பாலாற்று மணலில் நடந்து பழகியவருக்கும் அங்கே தொண்டை காயும். "ஆயா, தண்ணி கேளுங்க, துட்டு வாங்க மாட்டாங்க" என்றேன். "வேணாம் தம்பி. அந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து நின்னுகினே கீது. அந்தாளு வேற கத்திட்டாரு. இன்னா பாஷையில நான் இன்னாத்த கேக்கறது?" என்றார். நான் பொத்தானை நோக்கிக் கையை உயர்த்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

காலிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் எங்கள் வரிசைக்கு வரும்வரை ஆயா பொறுத்திருந்தார். அவருடைய பார்வை தம் பக்கம் திரும்பிய கணத்தில், கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டி, "கண்ணு, கொஞ்சம் வெந்நி குடுக்கறியாம்மா?" என்றார். அந்தப் பெண்ணுக்கு எத்தனை சொல் புரிந்ததோ தெரியாது. கைப்பிடிக்குத் தாங்கும் சூட்டில் வெந்நீர் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பொத்தானைத் தொடாமலே, இன்னொரு கோப்பையும் வந்தது. "நல்லா இரும்மா" என்று ஆயா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். இதைச் சொல்லும் இடத்தில்தான் என் தங்கைகூட நின்று கேட்பாள்.

அந்த மனிதர் துபாயில் இப்படி இருக்க மாட்டார் என்று சத்தியம் செய்வேன். அங்கே மெட்ரோ வாசலில் இறங்குபவருக்கு வழிவிட்டு நிற்பார்; அலுவலக முகப்பில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் ஒரு வரிக்கு ஒரு 'ப்ளீஸ்' வைப்பார். சென்னை செல்லும் வாசல் எண் அறிவிக்கப்பட்டதும் அந்தப் 'ப்ளீஸ்' அங்கேயே விடப்படுகிறது. வெளிநாட்டு நிறுவனத்தின் விமானத்தில் திரும்பிப் போகும்போது இதே ஆள் தாகத்தோடு தூங்கிப்போவார், கேட்க மாட்டார். நம் பெண் என்றால் விரல் நீளும். வளைகுடாவின் பழக்கமெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கரக் சாயா கடை வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியைக்கூட இறக்காமல் ஹார்ன் அடித்து, ஐம்பது டிகிரி வெயிலை நெருங்கும் மதியத்தில் ஒரு மலையாளிப் பையனை ஓடிவர வைப்பது அங்கே அன்றாடக் காட்சி. என் பக்கத்து இருக்கைக் காரர்கள் பலர் இந்த ஹார்னில் பயிற்சி பெற்றவர்கள் என்பது என் எண்ணம்.

ஊரிலும் நாம் சத்தமாகத்தான் கூப்பிடுகிறோம், அதில் தப்பும் இல்லை. வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடையில், மூன்று மேசைக்காரர்கள் ஒரே நேரத்தில் "அண்ணே, சாம்பார்", "அண்ணே, தண்ணி", "அண்ணே, தோசை என்னாச்சு" என்று குரல் கொடுத்தார்கள். பரிமாறுபவர் திரும்பாமலே, "எனக்கு இருக்கறது ரெண்டு கை சார், நாலு இருந்தா கோயில்ல உக்காந்திருப்பேன்" என்றார். கடையே சிரித்தது, கேட்டவர் உட்பட. அங்கே குரலுக்குக் குரல் உண்டு. கூப்பிட்டவரை அவர் ஒரு வார்த்தையில் உட்கார வைத்துவிடலாம், அவருடைய வேலைக்கு ஆபத்தில்லை. விமானத்தில் அந்தப் பெண்ணுக்கு எதிர்க்குரல் கிடையாது. புன்னகையையும் சீருடையோடு சேர்த்து மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புகார்க் கடிதம் போதும், விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். பதில் சொல்ல முடிந்தவரை அதட்டுவது உரிமைப் பேச்சு. பதில் சொல்லக் கூடாதவரை அதட்டுவது வேறு.

அம்மாவின் பரிசோதனைக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போயிருந்தபோது இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1946-லேயே நர்சிங்கைப் பட்டப்படிப்பாக்கிய இடம் அது. வராந்தாவில் கசங்காத சட்டைக்காரர்கள் பலரும், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நர்ஸ் நிமிரும்வரை காத்திருந்து, "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று பாதிக் குரலில் கேட்டார்கள். அங்கே யாரும் யாரையும் குத்திக் கூப்பிடவில்லை. தம் உயிர் யார் கையில் இருக்கிறது என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரிகிறது. விமானத்திலும் கதை அப்படித்தான் தொடங்கியது: 1930 மே 15 அன்று அமெரிக்காவில் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானத்தில் உலகின் முதல் பணிப்பெண்ணாகப் பறந்த எல்லன் சர்ச் ஒரு நர்ஸ். அவரோடு சேர்த்துக்கொள்ளப்பட்ட மற்ற ஏழு பெண்களும் நர்ஸ்களே. உணவு வண்டி அந்த மரியாதையை எப்போது தள்ளிக்கொண்டு போனதோ தெரியவில்லை.

நிறுவனங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சென்னைக்குப் போகும் விமானத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நீளமாக அறிவிப்புச் செய்பவர்கள், "தண்ணீருக்குக் காசில்லை, தயங்காமல் கேளுங்கள்" என்று தமிழில் ஒரு வரி சொன்னால் என் ஆயாக்கள் உதடு வறண்டு வர வேண்டியதில்லை. தரையைப் பார்த்தபடி நடைபாதையைக் கடந்துவிடும் பணியாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கண்ணைச் சந்திக்காதவரை எப்படிக் கண்ணால் கூப்பிடுவது? அதற்குத்தான் பொத்தான். அதை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டால் வந்துவிடுவார்கள். வந்தவரிடம் தண்ணீர், போர்வை, காகிதத் துணி என்று வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அவருக்கு மூன்று நடை மிச்சம். மாத்திரை போட வேண்டியவர்கள் ஏறும்போதே சொல்லிவைப்பது நல்லது. தரையிறங்கும் அறிவிப்பு வந்தபின் எதையும் கேட்காதீர்கள். அப்போது அவர்கள் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருப்பார்கள்.

வேலூருக்கே விமானம் வந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் குறையும் என்று என் மைத்துனர் சொல்கிறார். அப்துல்லாபுரம் ஓடுதளத்தை, சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் சீர்படுத்தி ஆண்டுகள் ஓடுகின்றன. அது சிறிய விமானங்களுக்கான தளம். பல நாடுகளில் பத்தொன்பது இருக்கைக்கு மேல் போனால்தான் பணிப்பெண் கட்டாயம். பத்தொன்பதுக்குள் இருக்கும் விமானம் அங்கே வந்து இறங்கினால், நம் கதாநாயகர் தண்ணீர்ப் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். விரல் நீட்டுவதென்றால் முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானியின் தோளில்தான் நீட்ட வேண்டும்.