ஸ்டீயரிங் உதறலுக்கு டேம்பர் மாற்றச் சொன்னால் உஷார்!

முன்பக்கம் முழு அச்சு (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியா? 60, 70 கி.மீ. வேகத்தில் முன் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் பிடிக்குள் நிற்காமல் உதறுகிறதா? வண்டி கிட்டத்தட்ட நிற்கும்வரை அது ஓயவில்லையா? அப்படியென்றால் ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இதே கோளாறுக்காக எங்கள் வண்டிக்கு ஓர் ஒர்க்ஷாப் போட்ட பில்லில் ஐந்து வேலைகள் இருந்தன: வீல் பேலன்சிங், புது ஸ்டீயரிங் டேம்பர், கேஸ்டர்-கேம்பர் அலைன்மெண்ட் (சக்கரச் சாய்வுக் கோணங்களைச் சரிசெய்வது), ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் திருப்பத்தைக் கடத்தும் கியர் பெட்டி) ஓவர்ஹால், இரு பக்கமும் கிங்பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளை) பேரிங் மாற்றம். உதறல் கொஞ்ச நாள் அடங்கியிருந்து, பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பியது. வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்ததில் உண்மையாகவே நடந்திருந்தவை முதல் இரண்டு வேலைகள் மட்டும்தான். மற்ற மூன்றுக்கும் வாங்கிய பணம் அநியாயம். அதைவிடப் பெரிய அநியாயம், அந்த நிலையில் வண்டியை நெடுஞ்சாலையில் ஓடவிட்டது.

முதலில் டேம்பர். அதன் வேலை சக்கரத்திலிருந்து வரும் அதிர்ச்சியை மட்டுப்படுத்துவது மட்டுமே. பெரும்பாலும் எங்கோ ஒரு மூட்டில் ஆட்டம் இருப்பதால்தான் உதறல் பிறக்கிறது. புது டேம்பர் அந்த ஆட்டத்தை அமுக்கி வைக்கும். உள்ளே தேய்மானம் வளர்ந்துகொண்டே போகும், டேம்பர் தாங்காத நாளில் எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். பழைய டேம்பர் நிஜமாகவே போய்விட்டதா என்று அறிய ஒரு முனையைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இரு திசையிலும் சீரான எதிர்ப்பு இருந்து, நடுவில் எங்கும் வெறுமையாக நழுவாமல், எண்ணெய்க் கசிவும் இல்லையென்றால் அதை மாற்றத் தேவையே இல்லை.

அலைன்மெண்ட் பில் இன்னும் வெளிப்படையான ஏமாற்று. முழு அச்சு வண்டியில் சாதாரணமாகத் திருத்த முடிவது டோ (இரு சக்கரங்களும் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) ஒன்றைத்தான். கேஸ்டரும் (சக்கரம் திரும்பும் முளையின் முன்பின் சாய்வு) கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) அச்சோடு பிறந்தவை. ஆஃப்செட் புஷ் (ஓட்டை மையம் விலகிய ரப்பர் வளையம்), கேம் போல்ட், ஆப்பு வடிவ ஷிம் (இடைத்தகடு) போன்ற ஏதாவது பொருத்தினால்தான் கேஸ்டர் மாறும். அப்படி எந்தப் பாகமும் பில்லில் இல்லாமல் "கேஸ்டர் சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருந்தால் அந்த வேலை நடக்கவில்லை. காயில் ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டிகளில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். ரேடியஸ் ஆர்ம் (அச்சைச் சட்டத்தோடு முன்பின்னாக இணைக்கும் கை) உள்ள வண்டியை 50 மி.மீ. உயர்த்தினாலே கேஸ்டர் ஒன்றிரண்டு டிகிரி குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, உதறலும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும்.

பாக்ஸ் ஓவர்ஹால் என்று சொன்னது வெறும் ஸ்குரூ முடுக்கல். பாக்ஸின் மேலே லாக் நட்டோடு ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்குரூ இருக்கும். அதை இறுக்கினால் நேர் நிலையில் ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். அளவு மீறினால் நடுவில் பிடிக்கும், வளைவிலிருந்து ஸ்டீயரிங் திரும்பி வராது, உள்ளே கியர் சீக்கிரம் தேயும். எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். பாக்ஸில் சீல் கூட மாற்றப்படவில்லை, மூடி போல்ட்களில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது.

ஒர்க்ஷாப் காசு கேட்கும் முன் அரை மணி நேரத்தில் நீங்களே கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எடை நான்கு சக்கரத்திலும் இருக்கட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும்: டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து இறங்கும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கம்பி), டை ராட் எண்ட்கள் (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டுகள்), காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் பேன்ஹார்ட் ராடின் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரு முனைகள். பேன்ஹார்ட் ராடில் கண் நிலைக்கட்டும். புஷ் ரப்பர் கொஞ்சம் நெளிவது இயல்பு. ஆனால் போல்ட் பிராக்கெட்டின் ஓட்டைக்குள் நகர்ந்தாலோ, உலோகம் உலோகத்தில் தட்டும் சத்தம் கேட்டாலோ உங்கள் உதறலுக்கான காரணம் அநேகமாக அங்கேதான். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை. பிராக்கெட்டில் சரியான துளையுள்ள தகடு வெல்டிங் செய்துதான் ஆக வேண்டும். புஷ் போட்டபின் அந்தப் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்று, எடை ஏறிய நிலையில்தான் கடைசியாக முடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும்.

அடுத்து முன் அச்சை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே இருப்பவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் பக்கம் பாருங்கள். இந்தப் பிரேக் சோதனையைச் செய்யாமல் கிங்பின் பேரிங் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இனி கிங்பின். ஏமாற்றுவதற்கு இதுதான் மிக வசதியான இடம், ஏனென்றால் மூடிய நக்கிளுக்குள் (அச்சின் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) என்ன நடந்தது என்று வெளியே தெரியாது. டொயோட்டா லேண்ட் குரூசர் 80, சுசூகி ஜிம்னியின் பழைய மாடல்கள், மாருதி ஜிப்ஸி எல்லாவற்றிலும் நக்கிள் மேலும் கீழும் டேப்பர் ரோலர் பேரிங்கில் நிற்கிறது. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரோலர்கள் ஒரே இடத்தில் அடிவாங்கி, பேரிங்கின் வெளி வளையத்தில் வரிவரியாகப் பள்ளம் விழும். டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் திருப்பினால் நேர் நிலையில் 'டொக்' என்று ஒரு படியில் விழுவது தெளிவாகத் தெரியும். எங்கள் வண்டியில் "மாற்றிய" பேரிங்குகளின் வளையங்களில் இந்த வரிகள் விரலில் தட்டுப்பட்டன. பழைய பேரிங் மேலேயே கிரீஸ் அடித்து மூடியிருக்கிறார்கள். சில இடங்களில் உள் பாகத்தை மட்டும் புதிதாகப் போட்டு, தட்டி எடுக்கச் சோம்பல்பட்டு வெளி வளையத்தைப் பழையதாகவே விட்டுவிடுவார்கள். அதுவும் வீண்தான், புது ரோலர் பழைய பள்ளத்தில் ஓடும்.

பேரிங் மாற்றியபின் ஷிம் கணக்கு வரவேண்டும். ஷிம் குறைத்தால் பேரிங்கின் பிடிமானம் ஏறும், கூட்டினால் இறங்கும். டை ராடும் துடைப்பு சீலும் (நக்கிளின் உள் பந்தைத் துடைத்து மூடும் சீல்) இல்லாத நிலையில், ஸ்டீயரிங் ஆர்ம் ஓட்டையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும் எடையை வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். சீல் மாட்டியபின் இழுத்தால் அதன் உராய்வும் சேர்ந்துகொண்டு பொய்க் கணக்கு காட்டும். "எத்தனை கிலோ வந்தது?" என்று கேளுங்கள். வேலை செய்தவருக்குப் பதில் உடனே வரும்.

கூடவே அச்சின் உள் ஆயில் சீலையும் விடாதீர்கள். அது போய்விட்டால் டிஃப்ரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் இறங்கி, கிரீஸ் கறுத்த கூழாகி, பின்பக்கமாகச் சக்கரத்தில் வடியும். அதைத் துடைத்துவிட்டுப் புது பேரிங் போட்டால் அதற்கும் ஆயுசு இல்லை. முழு வேலைக்கு நான்கு கிங்பின் பேரிங், இரண்டு உள் சீல், இரண்டு செட் நக்கிள் துடைப்பு சீல், கேஸ்கெட்டுகள், ஹப் லாக் வாஷர்கள், மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் ஆகியவை பில்லில் வர வேண்டும். பேரிங் மட்டும் இருந்து சீல் இல்லையென்றால் காரணம் கேளுங்கள்.

வண்டியை விடும் முன் கிங்பின் போல்ட், ஹப் நட், பேன்ஹார்ட் போல்ட், பாக்ஸின் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்குரூ ஆகியவற்றின் மேல், அடுத்த பாகத்தையும் தொட்டபடி பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். கோடு உடையாமல் இருந்தால் அங்கே ஸ்பேனர் படவில்லை. கழற்றிய பாகங்கள் எல்லாம், வெளி வளையங்கள் உட்பட, திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் "பழையதைக் குப்பையில் போட்டாச்சு" என்றார்கள். ஜாப் கார்டில் எழுத்து இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

சரிசெய்யும்வரை வண்டியை வேகச் சாலையில் எடுக்காதீர்கள். வழியில் உதறல் தொடங்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பி எதிர்த்துப் போராடாமல், உறுதியாக நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டு, மெல்ல பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள். வேலை சரியாக முடிந்த வண்டியிலும் 500 கி.மீ. ஓடியதும் ஸ்டீயரிங் ஆர்மை நக்கிளோடு பிடிக்கும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) ஒருமுறை சரிபாருங்கள். அவை தளர்ந்தால் ஸ்டட் முறிந்து ஸ்டீயரிங் ஆர்மே கழன்றுவிடும்.