டிஜே இரட்டையரும் இசைக்குழுவும்: கிளப் மேடையில் எது பொருந்தியது, எது இடித்தது

இரண்டு டிஜேக்கள், டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, ஒரு பாடகி. இப்படிப்பட்ட கூட்டணியில் முதலில் பார்க்க வேண்டியது டிரம்மர் காதில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) ஓடுகிறதா என்பதைத்தான். ஓடியது, அதனால் 122 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 122 தட்டு) தொடங்கிய தாளம் கடைசிவரை நழுவவில்லை. ஒருவர் டிராக்குகளைக் கவனிக்க, மற்றவர் பாடகியின் குரலை சாம்ப்ளரில் (ஒலியைப் பதிந்து திரும்ப இசைக்கும் கருவி) துண்டாக்கி விளையாடினார். அருமை.

சிக்கல் கீழ்ச்சுருதியில். டிராக்கின் கிக்கும் (பெரிய டிரம்மின் கனத்த அடி) டிரம்மரின் கிக்கும் ஒரே இடத்தில் மோதின. 60 ஹெர்ட்ஸ் ஒலியில் 8 மில்லிசெகண்ட் விலகினாலே இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் கிதாரும் சேர்ந்ததால் தொடக்கம் முழுக்க வெறும் உறுமல்தான். டிஜே மிக்ஸரில் லோ ஈக்யூவை (தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) அடியோடு இறக்கி, கிக்கை டிரம்மரிடமே விட்டபிறகுதான் தரை அதிர்ந்தது. சவுண்ட் செக்கிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை!

கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்துவைக்கும் வசதி) போட்டு வேகத்தை ஏற்றியது நல்ல முடிவு. அது இல்லாமல் 6 சதவீதம் ஏற்றினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்துவிடும், கீபோர்டுக்காரர் பாடு திண்டாட்டம். பூத் மானிட்டர் (டிஜேக்கள் தாங்கள் கேட்க வைத்திருக்கும் ஸ்பீக்கர்) சத்தம் மட்டும் பாடகியின் மைக்கில் கசிந்துகொண்டே இருந்தது. இந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் சவுண்ட் இன்ஜினியர் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.