பாலக்காடு கோர்ட்ல ஜாமீன்: ஆள் ஜாமீனா, பணமா, சொந்த ஜாமீனா?

பாலக்காடு எல்லையில இருக்கற வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் வேலைக்குப் போன நம்மாளு கேஸ்ல மாட்டி ரிமாண்ட் ஆயிட்டான்னு வைங்க, ஜாமீன் கெடச்சிருச்சுன்னு வக்கீல் சொன்னதும் வீட்ல நிம்மதி ஆயிடறாங்க, ஆனா ஆள் ஜெயில்லயேதான் கெடப்பான், ஏன்னா ஆர்டர்ல ரெண்டு ஜாமீன்தாரர் வேணும்னு இருக்கும்.

இந்த ஆள் ஜாமீன்தான் வழக்கமா கேக்கறது. நிலத்துக்குக் கரம் (நிலவரி) கட்டின ரசீதோட ஆள் வந்து நிக்கணும். அங்கயே தலைமுறையா இருக்கற தமிழ்க் குடும்பத்துக்குச் சித்தப்பா மாமான்னு யாராச்சும் தோட்டத்தோட இருப்பாங்க. பொள்ளாச்சிலருந்து தேங்கா பறிக்கப் போனவனுக்கு யாருங்க நிப்பா? அவன் வாய்தாவுக்கு வராம ஓடிட்டா பாண்ட் தொகைய நின்னவங்ககிட்டதான் வசூல் பண்ணுவாங்க, அதனால தெரிஞ்சவங்களே தயங்குவாங்க. காசு குடுத்தா நிக்கறேன்னு வர்ற ஆளுகள மட்டும் நம்பிடாதீங்க, கள்ள ரசீதுன்னா அது தனிக் கேஸ்.

பணம் கட்டறது வேகம். கோர்ட் சம்மதிச்சா டெபாசிட் பண்ணிடலாம், ஒழுங்கா ஆஜரானா கேஸ் முடிஞ்சதும் திரும்பி வரும். வட்டிக்கு வாங்கிக் கட்டறதுன்னா வேண்டாம்.

கூலிக்காரங்களுக்கு நான் சொல்றது சொந்த ஜாமீன்தான், அதாவது வேற ஆள் நிக்காம, ஒழுங்கா ஆஜராவேன்னு அவனே பாண்ட் எழுதிக் குடுத்துட்டு வெளிய வர்றது. 1978ல மோத்தி ராம்னு ஒரு கொத்தனார் கேஸ், மத்தியப் பிரதேசத்துல, 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டாங்க, அண்ணன் தம்பி சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு மாஜிஸ்ட்ரேட் ஏத்துக்கல. சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி கிருஷ்ணய்யர், நம்ம பாலக்காடு வைத்தியநாதபுரத்துல பொறந்தவர், ஒரு தமிழனோ மலையாளியோ வடக்க பஸ்தர்லயோ டெல்லி சாந்தினி சௌக்லயோ புடிபட்டா அங்க சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்க போவான்னு கேட்டு, 1,000 ரூபாய் சொந்த ஜாமீன்ல விடச் சொன்னார். வாளையார் எல்லை தாண்டற நம்மாளுக்கும் இதே கேள்விதானே!

ஜாமீன்ல விடக்கூடிய சின்னக் குற்றம்னா, கைதாகி ஒரு வாரத்துல ஜாமீன்தாரர் கெடைக்கலைன்னா கைதானவர ஏழைன்னு எடுத்துக்கிட்டு சொந்த ஜாமீன்ல விடணும்னு சட்டமே சொல்லுது. பெரிய கேஸ்னா நிபந்தனைய தளர்த்தச் சொல்லி மனு போடணும். 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, ஜாமீன் ஆர்டர் ஆகி 7 நாள்ல ஆள் வெளிய வரலைன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்ட உதவிச் செயலாளருக்குத் தெரிவிக்கணும், ஒரு மாசம் தாண்டினா நிபந்தனைய தளர்த்தலாமான்னு கோர்ட்டே தானா எடுத்துப் பாக்கலாம். வக்கீலுக்குக் காசு இல்லைன்னா 15100க்கு போன் போடுங்க, இலவச சட்ட உதவி, மலையாளம் பேசத் தெரிஞ்ச ஒருத்தர பக்கத்துல வெச்சுக்கங்க.