டியூன் போட்ட பிறகு கார் மெதுவாகிவிட்டது: டைனோ தாளை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

ட்ராக்கில் கார் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தினசரிப் போக்குவரத்துக்கு மட்டும் கார் வைத்திருப்பவர்கள் இதே கடையில் இதே வேலையைச் செய்திருந்தால், ஏமாந்தது கடைசிவரை தெரியாமலேயே போயிருக்கும். அவ்வளவு சாமர்த்தியமான வேலை.

என்னுடையது இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல். ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளை மட்டும் மாற்றுவது. ‘ட்ராக்குக்கென்றே எழுதிய ஃபைல்’ என்று சொல்லி விற்றார்கள். வண்டியை எடுத்தபோது என்னமோ பிரமாதமாகத்தான் இருந்தது. பெடலில் கால் பட்டாலே பாய்ந்தது. காலை எடுத்தால் சைலன்ஸரில் படபடவென்று வெடிச்சத்தம். கூடவே முன்பு, பின்பு என்று இரண்டு கோடுகள் போட்ட ஒரு டைனோ தாள், அதாவது சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவி அச்சிட்டது.

ட்ராக்கில் முதல் லேப் நன்றாகப் போனது. அப்புறம் லேப்புக்கு லேப் நேர்பாதை முடிவில் எட்டும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. அதே டயர், அதே பிரேக் பேட், கிட்டத்தட்ட அதே வெயில். ஆனால் கம்பெனி ஃபைலில் எடுத்த நேரத்தைவிட மோசம். கடையில் கேட்டால், “எந்த மோடில் ஓட்டினீங்க? ஸ்போர்ட் பிளஸ்ல போட்டாதானே முழு பவரும் வரும்” என்றார்கள்.

இந்தப் பதிலில்தான் எனக்குப் பொறி தட்டியது. பெரும்பாலான கார்களில் மோடு (நார்மல், ஸ்போர்ட் என்று நாம் தேர்ந்தெடுப்பது) மாற்றினால் மாறுவது பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) உள்ள கணக்கு, கியர் மாறும் நேரம், ஸ்டீயரிங் கனம், டேம்பர் (சஸ்பென்ஷனின் அதிர்வு தாங்கி) இறுக்கம், எக்ஸாஸ்ட் வால்வு, ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) எப்போது குறுக்கிடும் என்பது. பாதி பெடலுக்கு நார்மல் மோடு கொஞ்சம்தான் திறக்கும், ஸ்போர்ட் நிறையத் திறக்கும். பெடலை முழுசாக மிதித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ட்ராக்கில் நேர்பாதையில் யார் பாதி பெடலில் போகிறார்கள்? மோடைப் பொறுத்துப் பவரையே குறைத்து வைக்கும் கார்களும் உண்டு. என்னுடையது அந்த ரகமல்ல என்பது கம்பெனி கையேட்டிலேயே இருக்கிறது.

இறுக்கமான மோடு என்றால் வேகமான மோடு என்று நினைப்பதும் தவறு. மேடுபள்ளமான ட்ராக்கில் டேம்பரை மிக இறுக்கினால் டயர் தரையை விட்டுத் துள்ளும், பிடிப்பு போய்விடும். 2007-ல் வந்த ஃபெராரி 430 ஸ்குடேரியாவிலேயே மற்ற அமைப்புகளைப் பந்தய நிலையில் விட்டுவிட்டு டேம்பரை மட்டும் இளக்க ஒரு பட்டன் வைத்தார்கள். ஸ்போர்ட் பிளஸ் மந்திரம் போடும் என்று சொல்கிற டியூனர் இதையெல்லாம் அறியாதவர், அல்லது நமக்குத் தெரியாது என்று நினைப்பவர்.

சரி, லாக் (ஓடும்போது இன்ஜின் சென்சார்கள் காட்டும் அளவுகளின் பதிவு) எடுப்போம் என்று ஓபிடி போர்ட்டில் (காரின் பரிசோதனை இணைப்பு) கருவியை மாட்டி ஓட்டினேன். கதை முழுக்க அதில் இருந்தது. உள்ளே போகும் காற்றின் வெப்பம் லேப்புக்கு லேப் ஏறியது. அது ஏற ஏற இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் தருணம்) பின்வாங்கியது. மூன்றாவது சிலிண்டரில்தான் மிக அதிகம். பூஸ்ட்டை (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்) கூட்டினால் காற்று கூடுதலாக அழுந்திச் சூடாகும். கம்பெனி இன்டர்கூலரால் ஓரிரு லேப்புக்கு மேல் அந்தச் சூட்டைத் தணிக்க முடியவில்லை. நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) ஆரம்பித்ததும் சென்சார் சொல்ல, இசியூ இன்ஜினைக் காப்பாற்றப் பவரைக் குறைத்துக்கொள்கிறது. இசியூ செய்தது சரிதான். ஃபைல் எழுதியவர் வெப்பத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

வேறொரு டியூனரிடம் அந்த ஃபைலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ‘ட்ராக் ஃபைல்’ என்பதன் லட்சணம் இதுதான்: நார்மல் மோடின் பெடல் கணக்கைத் தூக்கிவிட்டு ஸ்போர்ட்டின் கணக்கை அங்கே ஒட்டியிருந்தார்கள். நடுத்தர ஆர்பிஎம்மில் மட்டும் பூஸ்ட் ஏற்றம். பெடலை விடும்போது டைமிங்கைத் தாமதப்படுத்தி எரிபொருளை விட்டு அந்த வெடிச்சத்தம். அந்தச் சத்தத்தால் பவர் துளியும் கூடாது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் வெந்து சாகும். அதிக ஆர்பிஎம்மில், ட்ராக்கில் இன்ஜின் பெரும்பாலும் சுழலும் இடத்தில், பெயருக்குத்தான் மாற்றம்.

அப்படியென்றால் டைனோ தாளில் அவ்வளவு பவர் எங்கிருந்து வந்தது? தாளின் கீழ் மூலையில் எறும்பு ஊர்வதுபோல் சில எழுத்துகள். ‘முன்பு’ ஓட்டத்துக்கு எதிரே எஸ்ஏஇ. ‘பின்பு’ ஓட்டத்துக்கு எதிரே எஸ்டிடி. இரண்டும் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவரும் திருத்த முறைகள். எஸ்டிடி எண் எஸ்ஏஇ எண்ணைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாக வரும். இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். போதாக்குறைக்கு முதல் ஓட்டத்தைச் சூடான இன்ஜினோடும், இரண்டாவதை ஆறவைத்த பிறகும் எடுத்திருக்கிறார்கள். காற்று வெப்பம் அதே வரியில் அச்சாகியிருக்கிறது. தாளில் காட்டிய லாபத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு வித்தையில் வந்ததுதான்.

டியூன் செய்வதே கூடாது என்று சொல்லவில்லை. டர்போ இன்ஜினில் நல்ல ரீமேப் உண்மையாகவே பலன் தரும். டர்போ இல்லாத இன்ஜினில் மென்பொருளால் மட்டும் கிடைப்பது சொற்பம். யாரிடம் போனாலும் இரண்டு ஓட்டமும் ஒரே திருத்த முறையில், ஒரே கியரில், நெருங்கிய காற்று வெப்பத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஓட்டத்தோடு விடாமல் அடுத்தடுத்து நாலைந்து ஓட்டம் எடுக்கச் சொல்லுங்கள். கடைசி ஓட்டத்தின் கோடுதான் ட்ராக்கில் உங்களுக்குக் கிடைக்கப் போவது. டைமிங், காற்று வெப்பம், பூஸ்ட், லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்) நான்கும் உள்ள லாக்கைத் தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைல் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெடல் பாக்ஸ் என்று தனியாக விற்கும் கருவியும் பெடல் சிக்னலை மாற்றுவதோடு சரி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘உங்கள் ஓட்டும் முறை சரியில்லை’ என்று பதில் வந்தது. கம்பெனி ஃபைலையாவது திருப்பி எழுதித் தாருங்கள் என்றால், நகல் எடுத்து வைக்கவில்லையாம். ஆகவே வேலை தொடங்கும் முன்பே மூல ஃபைலின் நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். அதைத் திருப்பி எழுதினாலும் வாரண்டி தப்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல இசியூக்கள் தாமே வைத்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் டீலர் கருவி மாற்றத்தைக் கண்டுபிடித்தால் டிடி1 என்ற குறி அந்த வண்டியின் பதிவில் ஏறிவிடும்.