மாலுமி இல்லாத வாடகைப் படகு: எட்டு ஆண்டு அனுபவம்

எட்டு ஆண்டுகளில் பதினொரு முறை, மாலுமி இல்லாமல் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் கடலில் இருந்திருக்கிறேன். ‘பேர்போட்’ என்பார்கள். படகு வாடகை நிறுவனத்துடையது, பொறுப்பு நம்முடையது. பல இடங்களில் படகோட்டும் சான்றிதழையும் மற்ற படகுகளோடும் கரையோடும் பேச உதவும் வி.எச்.எஃப். வானொலிக்கான உரிமத்தையும் கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறார்கள்.

படகைக் கைமாற்றிக்கொள்ளும் அந்த மாலைப் பொழுதில்தான் வாரம் முழுவதும் எப்படி அமையும் என்பது முடிவாகிறது. முதல் முறை அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். திரும்பியபோது, ஏற்கெனவே இருந்த கீறல் ஒன்றுக்காக வைப்புத்தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் படம் இல்லை. வாதாட வழியும் இல்லை. இப்போது இரண்டு மணி நேரமாவது எடுத்துக்கொள்கிறேன். கீறல்களைப் படம் பிடிக்கிறேன். பாய்களை முழுவதும் விரித்துத் தையலைப் பார்க்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, புகையோடு கடல்நீரும் வெளியே கொட்டுகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். கொட்டவில்லையென்றால் இன்ஜின் சூடேறிவிடும். வடிகட்டியில் பாசி அடைத்திருக்கும், அல்லது இம்பெல்லர் (கடல்நீரை இழுக்கும் பம்பின் சுழல்சக்கரம்) தேய்ந்திருக்கும்.

ஆனால் நான் பட்டுத் தெரிந்துகொண்ட கேள்வி வேறு: ஆழமானி எங்கிருந்து அளக்கிறது?

மூன்றாவது பயணத்தில் ஒரு விரிகுடாவில் ஆழமானி 5 மீட்டர் காட்டியது. ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நங்கூரச் சங்கிலி என்ற கணக்கில் 25 மீட்டர் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தக் கருவி கீலுக்கு, அதாவது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு, கீழே இருந்த தண்ணீரை மட்டுமே அளந்திருக்கிறது. நீர்மட்டத்திலிருந்து கீலின் ஆழம் 2 மீட்டர், நீர்மட்டத்துக்கு மேல் முகப்பின் உயரம் 1 மீட்டர். சங்கிலி இறங்கும் முகப்பிலிருந்து கடலடி வரை ஆக மொத்தம் 8 மீட்டர். நான் விட்டது மூன்று மடங்குதான். நள்ளிரவில் காற்று ஏறியதும் நங்கூரம் இழுபட்டு, பக்கத்துப் படகை நோக்கி நகரத் தொடங்கினோம். இருட்டில் இன்ஜினைப் போட்டு, நங்கூரத்தை எடுத்து, மறுபடி இறக்கி 40 மீட்டர் விட்ட பிறகுதான் படகு நின்றது. அன்றிலிருந்து நங்கூரம் போட்டதும் இன்ஜினைப் பின்னோக்கி இயக்கி, கரையில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, அவை ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்காமல் படுப்பதில்லை.

கழிவறை அடைத்துக்கொள்வது, பாட்டரி இறங்குவது எல்லாம் எல்லாப் படகிலும் உண்டு. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கயிறும் சுக்கானும் கையாளத் தெரிந்த இன்னொருவர் உடன் இருந்தால் தயங்காமல் எடுங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் ஒரு படகோட்டியை அமர்த்திக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. என் நண்பர் அப்படித்தான் தொடங்கினார். மூன்றாம் நாள் காலை படகோட்டியை இறக்கிவிட்டுத் துறையிலிருந்து தானே படகை வெளியே எடுத்தார்.