கண்ணாடி பாட்டிலா, பிளாஸ்டிக் பாட்டிலா, பழைய டி-ஷர்ட்டா: மறுபயன்பாட்டில் எது உழைக்கும்?

காலியான எதையும் தூக்கிப் போட மனம் வராதவர்கள் வீட்டில் அலமாரி சீக்கிரமே பாட்டிலும் டப்பாவுமாக நிரம்பிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இது இருப்பதால் நான் எதை வாங்காமல் இருப்பேன்? பதில் கிடைக்காதது அன்றே மறுசுழற்சிக்குப் போய்விடும்.

இந்தக் கேள்வியில் முதலில் தேறுவது அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில். உள்ளே வைத்ததன் வாசமோ நிறமோ கண்ணாடியில் ஏறாது. பழைய வாடை போகவில்லை என்றால் மூடியைப் பாருங்கள். உள்பக்க ரப்பர் வளையம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். மூடியை மட்டும் ஓரிரு நாள் வெயிலில் காய வைத்தால் வாடை பெரும்பாலும் குறைந்துவிடும். லேபிளின் பசை போக, சமையல் எண்ணெயையும் சமையல் சோடாவையும் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போதும். மளிகைச் சாமான், ஆணி, பொத்தான் என எது வைத்தாலும் புதிதாக டப்பா வாங்கும் தேவை குறைகிறது.

கண்ணாடிக்கும் பலவீனம் உண்டு. சாதாரண பாட்டில் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கிற நீரை ஊற்றினால் விரிசல் விடும். ஃப்ரீசரில் வைப்பதென்றால் மேலே இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது, நிரம்பிய பாட்டில் உடைந்துவிடும்.

பிளாஸ்டிக்கை ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். அந்த அடையாள முறை 1988-இல் வந்தது. 1 என்றால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், அதாவது தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக். பெட் 70 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். பாலிப்ரொப்பிலீன் உருக 160 டிகிரி வரை வேண்டும். ஆகவே 5 எண் டப்பா அலமாரியில் கண்ணாடிக்குத் துணையாக இருக்கலாம். 1 எண் பாட்டிலில் சூடான எதையும் ஊற்றாதீர்கள்.

பெட் பாட்டிலைப் பாதியாக வெட்டிப் பூச்செடி வளர்க்கும் யோசனை எங்கும் பார்க்கக் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெயிலில் நாள்பட இருந்தால் அது நொறுங்கி, துகள்கள் மண்ணில் கலக்கும். வெட்டி, மண் அப்பி, பெயின்ட் அடித்தபின் மறுசுழற்சிக்கு எடுப்பதும் கடினம். மேல்பாதியைப் புனலாக்கலாம், அது வருடக்கணக்கில் வேலை செய்யும். மற்றபடி பெட் பாட்டிலை முழுசாக மறுசுழற்சிக்குக் கொடுப்பதே மேல்.

செடிக்குத் தகர டப்பா பரவாயில்லை. அடியில் ஓட்டை போட்டு, விளிம்பின் கூர்மையை மழுக்கிவிடுங்கள். துருப்பிடிக்கும், ஆனால் பிறகும் இரும்புதான், மறுசுழற்சிக்குப் போடலாம்.

இனி டி-ஷர்ட். இதைப் பையாக்குவதா, துடைக்கும் துணியாக்குவதா? பை என்பவர்கள் பக்கம் ஒரு வலுவான கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில் அது ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடக் குறைந்த பாதிப்புக்கு வரும். பழைய டி-ஷர்ட்டில் செய்த பைக்கு அந்தச் சுமை கிடையாது, துணி ஏற்கெனவே தயாராகிவிட்டது. ஆனால் பின்னல் துணி எடை தாங்காமல் தரைவரை தொங்கும். கனம் குறைந்த பொருளுக்கு மட்டுமே சரிப்படும். தவிர, வீட்டுக்கு ஒன்றிரண்டு பை போதும். ஐந்தாவது டி-ஷர்ட்டையும் பையாக்குவதில் பயனில்லை.

என் ஓட்டு துடைக்கும் துணிக்கே. அன்றாடம் காகித டிஷ்யூ போகிற இடத்தில் அது நிற்கிறது, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். வெட்டுமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் பெரும்பாலும் பருத்தி. முத்தாக உருண்டு நின்றால் துடைக்க உதவாது. நைந்துபோன சுத்தமான பருத்தியைச் சின்னத் துண்டுகளாக்கி உரக்குழியில் போடலாம், எண்ணெயோ ரசாயனமோ துடைத்ததை மட்டும் தவிர்த்துவிட்டு. தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும் என்பதால் ஓரத் தையலை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்.